மாலை ஆறு மணிக்கு வீடுகள் செய்யக்கூடியது

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்குகளை அணைத்துவிட்டு அகலோ மெழுகுவத்தியோ ஏற்றும்படி பிரதமர் கேட்டிருந்தார். மக்களுக்கு அது ஒருமைப்பாட்டின் அடையாளம். மின்பளு பகிர்வு மையங்களில் உட்கார்ந்திருந்த பொறியாளர்களுக்கோ பெரும் சோதனை. எவ்வளவு பளு ஒரே நேரத்தில் குறையும், குறைந்தது எந்த வேகத்தில் திரும்பி வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நாடு முழுவதும் நீர்மின் நிலையங்களைத் தயார் நிலையில் வைத்திருந்தார்கள். நடந்தது கணக்கைத் தாண்டிப் போனது. நாட்டின் மின்தேவை 31,089 மெகாவாட் இறங்கியது. எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டில் பதிவான உச்சத் தேவையே 20,830 மெகாவாட்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். ஒரு பெரிய மாநிலத்தின் உச்சத் தேவையைப்போல் ஒன்றரை மடங்கை, விளக்கு சுவிட்சைத் தட்டியே வீடுகள் இறக்கிக் காட்டின. அன்றைக்கு மின்தொகுப்புக்கு அப்படியொரு உதவி தேவைப்படவில்லை. உண்மையில் அது தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கோடைகாலத்து மாலையிலும் அந்த உதவி தேவைப்படுகிறது. அதைக் கொடுக்கும் வலிமை வீடுகளிடம் இருக்கிறது என்பது அன்று நிரூபணமானது.

மின்தொகுப்பு ஏன் இவ்வளவு நுட்பமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்குக் கிடங்கு கிடையாது. இந்த நொடியில் உற்பத்தியாவது இந்த நொடியிலேயே செலவாக வேண்டும். செலவு கூடினால் நாடு முழுக்க ஒரே தாளத்தில் சுழலும் மின்னாக்கிகள் சற்றே மெதுவாகும். குறைந்தால் சற்றே விரையும். அந்தத் தாளம்தான் நொடிக்கு 50 சுழற்சி என்ற அலைவெண். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இவ்வளவு குறுகிய வரப்பின்மேல்தான் ஒவ்வொரு நாளும் நடக்கிறோம். சமநிலை கையை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா பார்த்தது. இரண்டாம் நாளில் 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதிகள் இருண்டன. தென்மாநிலத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று அதுவும் தேசியத் தொகுப்போடு ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது.

இந்தச் சமநிலையைக் காக்க நூறாண்டுகளாகக் கையாண்ட வழி ஒன்றுதான். மக்கள் எப்போது வேண்டுமானாலும் சுவிட்சைப் போடுவார்கள், மின்நிலையங்கள் அதற்கேற்ப ஏறி இறங்கிக்கொள்ளும். நிலக்கரியும் நீரும் கைவசம் இருந்தவரை இது ஓடியது. இப்போது நிலைமை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாயிற்று; சூரிய மின்சாரமும் அந்த அளவை நெருங்கி வந்துவிட்டது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று மே கடைசியில் எழுந்து செப்டம்பர் வரை வீசும். நமக்குத் தேவை உச்சத்தில் இருக்கும் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். சூரியனோ நண்பகலில் அள்ளிக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு மேற்கில் இறங்கிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் அலுவலகம் முடிந்து மக்கள் வீடு திரும்புகிறார்கள். விளக்கு, மின்விசிறி, டிவி, ஏசி எல்லாம் ஓடத் தொடங்குகின்றன. மதியம் மலிவாகக் கிடைத்த மின்சாரம் மாலையில் அரிதாகிறது. அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்காக வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, அல்லது ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டுமே பயன்படும் மின்நிலையங்களைக் கட்டிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டின் செலவும் கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து சேரும்.

ஆகவே, தேவையே கொஞ்சம் நகர்ந்து கொடுக்க முடியுமா என்பதுதான் இப்போது உலகெங்கும் எழுந்திருக்கும் கேள்வி. நமக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. தமிழ்நாட்டு உழவர்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கேற்பப் பம்புசெட்டை ஓட்டிப் பழகியவர்கள். நள்ளிரவில் வயலுக்குப் போய் மடை திருப்பும் சிரமத்தை அவர்கள் பல ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறார்கள். 2012, 2013-இல் மாவட்டங்களில் ஒரு நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் தவித்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் தேவையைக் குறைக்கும் வழிதான், ஆனால் மிக மோசமான வழி. பல தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஒரு ஃபீடரை நிறுத்தினால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கும், நோயாளியின் மின்விசிறியும், யாருக்கும் அவசரமில்லாத கீசரும் ஒன்றாக அணையும். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. வீடுகளைத் தொகுப்போடு இணைப்பது என்று பொறியாளர்கள் சொல்வதன் பொருளே அந்தக் கண்ணைக் கொடுப்பதுதான்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை நினைத்துப் பாருங்கள். விளக்கும் மின்விசிறியும் காத்திருக்காது. மிக்ஸி காத்திருக்காது. ஆனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், மாலை ஏழுக்கு ஓடினால் என்ன, பிற்பகல் இரண்டுக்கு ஓடினால் என்ன? தொட்டி நிறைந்திருந்தால் போதும். கீசர் இரண்டு கிலோவாட் இழுக்கும். சூடாக்கிய நீரைப் பல மணி நேரம் சூடாகவே வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல பத்தாண்டுகளாக மின்கம்பி வழியாகவே குறிப்பு அனுப்பி, கொதிகலன்களை நெரிசல் இல்லாத நேரத்தில் ஓட விடுகிறார்கள். இணையம் பிறப்பதற்கு முன்பே நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. மின் ஸ்கூட்டரை வீட்டுக்கு வந்த உடனே ஏழு மணிக்குச் செருகுகிறோம். அதற்குத் தேவை மறுநாள் காலைக்குள் சார்ஜ் ஏறியிருப்பது மட்டுமே. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய வீட்டு இன்வெர்ட்டர்களின் பேட்டரிகூட எந்த நேரத்தில் சார்ஜ் ஏறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோவாட்டைத் தள்ளிப்போட முடிகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் வீடுகள் சேர்ந்தால் 400 மெகாவாட். வால்பாறை மலைப்பகுதியில் இருக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் முழு வீச்சில் தருவதும் 400 மெகாவாட்தான். அந்த நிலையத்துக்கு மலையைக் குடைய வேண்டியிருந்தது. இங்கே மேலே சொன்ன பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.

மிகப் பெரிய பங்கு ஏசியுடையது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கீசரை ஒத்திப்போடுவதில் யாருக்கும் வருத்தமில்லை. மே மாத மாலையில் ஏசியை நிறுத்துங்கள் என்று கேட்பது வேறு விஷயம். இதற்கு விடை கருவியில் இல்லை, கூரையில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம். நம் ஊர்களில் வழக்கமாகப் போடும் கான்கிரீட் தளம் நண்பகல் வெயிலை உள்வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்து அதை அறைக்குள் இறக்குகிறது. வெளியே வெயில் தணிந்த பிறகும் மேல்மாடி அறை கொதிப்பதற்குக் காரணம் அதுதான். சூரிய மின்சாரம் தீர்ந்துபோகும் நேரமும், கூரையின் சூடு வீட்டுக்குள் வந்து சேரும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அப்படிப்பட்ட வீட்டில் ஏசியைப் பதினைந்து நிமிடம் நிறுத்தினாலும் புழுக்கம் தாங்காது. வீட்டுக்காரர் உடனே ரிமோட்டைத் தேடுவார், தேடுவதும் நியாயமே. அதே வீட்டின் மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடோ பூச்சோ இருந்து, தளத்தின்மேல் வெப்பத்தடுப்பு அடுக்கு ஒன்றும் இருந்து, மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே நிழலும் இருந்தால் கதை வேறு. பிற்பகல் நான்கு மணிக்கு, சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கும்போதே அறையைக் குளிர வைத்துவிட்டு, ஏழு மணிக்கு ஏசியின் அளவை இரண்டு டிகிரி ஏற்றிவிடலாம். சுவரும் தரையும் பிடித்து வைத்திருக்கும் குளிர்ச்சி மீதி நேரத்தைக் கடத்திவிடும். அந்த வீடே ஒரு பேட்டரியாகிவிடுகிறது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது என்பது வீட்டின் குளிர்ச்சிக்கும் பொருந்தும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு கையோடு வந்த ஒன்று. மரச்சட்டத்தின்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் செங்கல்ஜல்லி, மேலே தட்டோடு. கான்கிரீட் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு அடுக்குகள் மெலிந்துகொண்டே போய், குறையை ஏசி ஈடுகட்டும் என்று விட்டுவிட்டோம். இந்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு வெப்பம் நுழையலாம் என்று வரம்பு வகுத்திருக்கிறது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

வீட்டையும் தொகுப்பையும் சேர்த்து யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பர்மிங்காமை ஒட்டிய ஹூவர் நகரில் 2018-இல் ‘ரெனால்ட்ஸ் லேண்டிங்’ என்ற 62 வீடுகள் கொண்ட குடியிருப்பு உருவானது. அலபாமா மின் நிறுவனமும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் அதில் பங்கெடுத்தன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அந்தப் பகுதியின் கோடை, நம் கடற்கரை ஊர்களுக்கு அந்நியமானதில்லை. அங்கே முதலில் வீடுகளை வழக்கத்தைவிட மிகுந்த வெப்பத்தடுப்போடு கட்டினார்கள். குளிர்சாதனமும் வெந்நீர்க் கொதிகலனும் மையக் கணினியோடு பேசும்படி அமைந்தவை. குடியிருப்புக்குப் பொதுவாக 330 கிலோவாட் சூரியத் தகடுகளும், பேட்டரித் தொகுதியும், அவசரத்துக்கு எரிவாயு மின்னாக்கியும் வைத்தார்கள். கணினி அடுத்த நாளின் வானிலையையும் மின்விலையையும் பார்த்து, எப்போது நீரைச் சூடாக்கலாம், எப்போது வீட்டை முன்கூட்டியே குளிர்விக்கலாம் என்று திட்டமிடும். குடியிருப்பவர் விரும்பாவிட்டால் அதை மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாகத்தான் அமெரிக்க எரிசக்தித் துறை 2021 அக்டோபரில் பத்துத் திட்டங்களுக்கு 6.1 கோடி டாலர் ஒதுக்கியது. தனி வீட்டின் சிக்கனத்திலிருந்து ஒரு தெருவின், ஓர் ஊரின் ஒத்துழைப்பை நோக்கி நகரும் பாதை இது.

பெரிய அளவில் மக்கள் ஒத்துழைப்பார்களா என்ற ஐயத்துக்குக் கலிஃபோர்னியா பதில் சொன்னது. 2022 செப்டம்பர் 6 அன்று கடும் வெப்ப அலை. தேவை 52,061 மெகாவாட் என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. மாலை 5.45 மணியை ஒட்டி ஏறத்தாழ 2.7 கோடிக் கைபேசிகளுக்கு, அவசியமில்லாத மின்பயன்பாட்டைக் குறைக்கும்படி அரசின் அவசரச் செய்தி போனது. ஒரு மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் பளு இறங்கியது. 2020 ஆகஸ்டில் சுழற்சி முறை மின்வெட்டைச் சந்தித்த அதே மாநிலம் இந்த முறை அதைத் தவிர்த்தது. மனிதக் கைகளால் நடந்த இதை இயந்திரங்கள் இன்னும் விரைவாகச் செய்யும் என்பதற்குத் தெற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2019 அக்டோபர் 9 அன்று, வேறு மாநிலமான குயின்ஸ்லாந்தில் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் 748 மெகாவாட்டோடு திடீரென நின்றது. அலைவெண் 49.61-க்குச் சரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சில நூறு வீடுகளில் இருந்த பேட்டரிகள் அந்தச் சரிவைத் தாமே உணர்ந்து, யாரும் சொல்லாமலே தொகுப்புக்கு மின்சாரத்தைத் திருப்பி ஊட்டின. அளவு சிறியதுதான். ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்கள் எதையும் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

எதிர்ப்புகளுக்கு வருவோம். முதலாவது, நம் வீட்டு ஏசியை வேறொருவர் எப்படித் தொடலாம் என்பது. இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. 2022 ஆகஸ்ட் இறுதியில், கொலராடோ மாநிலத்தில் சுமார் 22,000 வீடுகளின் வெப்பநிலைக் கருவிகளை மின் நிறுவனம் ஒரு சூடான பிற்பகலில் பூட்டிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் சலுகைக்காகத் திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான். ஆனாலும் தேவைப்பட்டபோது மாற்ற முடியவில்லை என்றதும் கொதித்துப் போனார்கள். இதிலிருந்து பெற வேண்டிய விதி தெளிவு: வீட்டுக்காரரின் விரலுக்குக் கீழே எப்போதும் ‘வேண்டாம்’ என்ற பொத்தான் இருக்க வேண்டும், அதை அழுத்துவதற்குத் தண்டனை இருக்கக் கூடாது. லட்சம் வீடுகளில் பத்தாயிரம் பேர் மறுத்தாலும் திட்டம் தாக்குப்பிடிக்கும். பயன்பாட்டை நேரவாரியாகப் பதியும் ஸ்மார்ட் மீட்டர் சேகரிக்கும் தகவலுக்கும் இப்படித் தெளிவான விதி வேண்டும். ஒரு குடும்பம் எப்போது எழுகிறது, எப்போது வீட்டில் இல்லை என்பதைக் கால் மணி நேரக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தகவல் யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும் என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். மீட்டரைப் பொருத்திய பிறகு யோசிப்பது தாமதம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி உள்ள குடும்பம் எதை ஒத்திப்போடும்? 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டவர்களுக்கு நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவரச் சொல்கின்றன. சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு; உச்சநேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாயத்துக்கு விலக்கு உண்டு. காகிதத்தில் இது சமமாகத் தெரியும். ஆனால் பகலெல்லாம் வெளியே உழைத்துவிட்டு மாலையில் மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குச் சலுகை எட்டாது, சுமை மட்டும் எட்டும். உச்சநேரத்தைக் கூட்டுபவர்கள் அவர்கள் அல்லர். இரண்டு மூன்று ஏசி ஓடும் வீடுகள்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை ஒட்டிய அளவில் வாழும் குடும்பங்களைக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கிவிட்டு, தள்ளிப்போட முடிந்தவர்களுக்குப் பரிசாகப் பணத்தைத் திருப்பித் தருவதே நேர்மையான வழி. ஏழை வீடுகளுக்குத் தேவையானது வேறு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகளைக் கொண்டுசேர்த்த நாடு இது. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே வாழ்பவர்களிடமிருந்து ஒத்துழைப்பு கேட்கும் முன், அவர்கள் தலைக்கு மேலிருக்கும் சூட்டைக் குறைப்பது நம் கடமை.

பேட்டரியின் விலை வேகமாகக் குறைந்து வருகிறதே, துணைமின் நிலையங்களில் பெரிய பேட்டரிகளை வைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் துணைமின் நிலையத்துப் பேட்டரி, தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றாது. மே மாத இரவில் லோ வோல்டேஜ் வருவதும், ஃபியூஸ் போவதும் பெரும்பாலும் மாநிலத்தில் மின்சாரம் இல்லாததால் அல்ல. அந்தத் தெருவில் புதிதாக வந்த ஏசிகளை அந்த டிரான்ஸ்பார்மர் தாங்காததால். அந்தப் பளுவை அந்தத் தெருவுக்குள்ளேயே குறைத்தால் மட்டுமே நிவாரணம். 2016-இல் மூன்று கோடிக்கும் குறைவாக இருந்த இந்தியாவின் ஏசிகள் 2050-இல் நூறு கோடியைத் தாண்டும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2018-இல் கணித்தது. ஒவ்வொரு தெருவிலும் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் மாற்றிக்கொண்டே போவதற்கு முடிவே இருக்காது.

நுணுக்கமான இரண்டு சந்தேகங்களும் உண்டு. சிக்கனமான வீட்டில் ஏசி ஏற்கெனவே குறைவாகத்தான் இழுக்கும், பிறகு தள்ளிப்போட என்ன மிச்சம் என்பது ஒன்று. உண்மைதான், ஒரு நொடியில் விட்டுக்கொடுக்கும் அளவு குறையும். ஆனால் மோசமான வீடு கால் மணி நேரம் விட்டுக்கொடுத்தால், நல்ல வீடு இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்கும். தவிர, அது உச்சநேரத்தில் ஏற்றாமலே விட்ட பளுவும் தொகுப்புக்கு இலாபமே. இன்னொன்று, ஒத்திப்போட்டவை எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால் பத்து மணிக்குப் புதிய உச்சம் எழாதா என்பது. எழும், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் விடுவித்தால். வீடுகளைக் குழுக்களாகப் பிரித்துச் சில நிமிட இடைவெளியில் விடுவிப்பதுதான் இதற்கான முறை. ஏப்ரல் 5 இரவு நம் பொறியாளர்கள் எச்சரிக்கையோடு காத்திருந்ததும் இந்தத் திரும்பி வரும் அலைக்காகத்தான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பத்தைவிட ஈரப்பதமே வாட்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே ஏசியை முற்றாக நிறுத்துவது பலன் தராது; 24 டிகிரியை 26 ஆக்கி, மேலே மின்விசிறியைச் சுழலவிடுவது தரும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

இவற்றில் கருவிகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மீட்டரை ஐந்தாண்டு கழித்துப் பொருத்தலாம், ஏசியைப் பத்தாண்டில் புதுப்பிக்கலாம். கூரையை அப்படி மாற்ற முடியாது. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் தாம்பரத்துக்கு அப்பாலும் இன்று தளம் போடும் அடுக்குமாடிகள் ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்கும். கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில், கார் நிறுத்தும் இடத்தைக் கேட்பதுபோல் கூரையின் வெப்பத்தடுப்பையும் கேட்கலாம். தண்ணீர் மோட்டாருக்கும் வண்டி சார்ஜ் ஏற்றும் இடத்துக்கும் நேரக்கட்டுப்பாட்டோடு தனி இணைப்பைக் கட்டாயமாக்கலாம். நூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கம் தன் பொது மோட்டாரைப் பிற்பகலுக்கு மாற்றுவதற்கு ஸ்மார்ட் மீட்டர்கூட வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமர் போதும்.